ரெண்டு மெட்டீரியலும் ட்ரான்ஸ்பரண்ட் தான், அப்புறம் வெளிச்சம் ஏன் உள்ள போக மாட்டேங்குது?

கால்அலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட் போட்டானிக் கிரிஸ்டல், அதாவது இண்டெக்ஸ் வேற வேறயா இருக்கிற மெட்டீரியல திரும்பத் திரும்ப ஒரே இடைவெளில அடுக்கின அமைப்பு. நானா எடுத்ததுன்னு சொல்ல முடியாது, கைடு கொடுத்தாரு வாங்கிக்கிட்டேன். இப்ப ரெண்டு விஷயம் மண்டையப் போட்டு குடையுது, கைடு கிட்ட மறுபடி போய் கேட்டா "பேண்ட் கேப்மா, செமிகண்டக்டர் மாதிரி தான்"னு ஒரே வரில முடிச்சிடுறாரு (பேண்ட் கேப்னா உள்ள எந்த அலையும் ஓட முடியாத ஃப்ரீக்வென்சி இடைவெளி).

முதல் விஷயம். டைட்டானியம் டையாக்ஸைடு இண்டெக்ஸ் (ஒளிவிலகல் எண்) 2.4, சிலிக்கா 1.46, 550 நானோமீட்டருக்கு ஒவ்வொரு லேயரும் கால் வேவ்லெங்க்த், அதாவது டைட்டானியா 57 நானோமீட்டர், சிலிக்கா 94 நானோமீட்டர். கண்ணாடி மேல 5 ஜோடி வெச்சு ட்ரான்ஸ்ஃபர் மேட்ரிக்ஸ் (லேயர் லேயரா அலைய கணக்கு போடுற முறை) கம்ப்யூட்டர் கோடு எழுதி ஓட்டுனேன், ரெஃப்ளெக்ஷன் 98% வருது. புக்குலயும் அப்படித்தான் வரும்னு போட்டிருக்கு, அதனால கோடு தப்பில்லன்னு நெனைக்கிறேன். ஆனா ஒரே ஒரு எல்லைய மட்டும் எடுத்து கணக்கு போட்டா 6% தான் திரும்புது! ரெண்டுமே ட்ரான்ஸ்பரண்ட், அப்சார்ப்ஷன் சுத்தமா ஜீரோன்னு நான் தான் கோடுல போட்டிருக்கேன், அப்ப வெளிச்சத்த தடுக்கிறது யாரு? அது மட்டும் இல்லாம, பேண்ட் டயகிராம்ல (எந்த ஃப்ரீக்வென்சி அலை உள்ள ஓடும்னு காட்டுற படம்) அந்த ஃப்ரீக்வென்சில அலையே கிடையாதுன்னு காட்டுது, என் கோடுல 2% வெளிய வருது, இதுல எது சரி?

ரெண்டாவது, 2டி, அதாவது ரெண்டு திசைல திரும்பத் திரும்ப வர்ற அமைப்பு. அலுமினா கம்பிங்க (எப்சிலான், அதாவது டைஎலக்ட்ரிக் மாறிலி, 8.9), சதுரம் சதுரமா அடுக்கின ஸ்கொயர் லேட்டிஸ், கம்பியோட ஆரம் லேட்டிஸ் இடைவெளில 0.2 மடங்கு. எம்பிபில (பேண்ட் கணக்கு போடுற சாஃப்ட்வேர்) ஓட்டுனா டிஎம் போலரைசேஷனுக்கு நல்ல அகலமான கேப் வருது, டிஇ போலரைசேஷனுக்கு ஒண்ணுமே இல்ல, படத்துல பேண்ட் கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. மூணு நாளா ரெசல்யூஷன கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன், மாறவே இல்ல. இது என் தப்பா, இல்ல உண்மையே இப்படித்தானா?

---

பழைய_ஸ்பெக்ட்ரோமீட்டர்:

தம்பின்னு சொல்றதா தங்கச்சின்னு சொல்றதான்னு தெரியல, எதுவா இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. முதல் பகுதிக்கு மட்டும் சொல்றேன், 2டிக்கு இங்க என்னை விட தெரிஞ்சவங்க இருக்காங்க.

நீங்க 6%ன்னு சொன்னீங்கல்ல, அது பவர். அலைங்க ஒண்ணோட ஒண்ணு சேரும்போது பவர் பவரோட கூடாது, ஆம்ப்ளிட்யூட் (அலையோட உயரம்) ஆம்ப்ளிட்யூடோட தான் கூடும். உங்க எல்லைல ஆம்ப்ளிட்யூட் எவ்வளவு திரும்புதுன்னு பாருங்க, (2.4 − 1.46) வகுத்தல் (2.4 + 1.46), கிட்டத்தட்ட 0.24. அதாவது கால்வாசி! இத வர்க்கம் பண்ணதால தான் 6% ஆகி ஒண்ணுமில்லாத மாதிரி தெரியுது.

இப்ப கால் வேவ்லெங்க்த் ஏன்னு யோசிங்க. கம்மி இண்டெக்ஸ்ல இருந்து அதிக இண்டெக்ஸ்ல மோதி திரும்பினா அலை தலைகீழா புரளும், அதிகத்துல இருந்து கம்மில மோதினா புரளாது. லேயருக்குள்ள போய்ட்டு வர்றது கால் + கால் = அரை வேவ்லெங்க்த், அதுவும் ஒரு புரட்டு. இந்த ரெண்டு புரட்டும் சேர்ந்து ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி, எல்லா எல்லைல இருந்தும் திரும்பி வர்ற அலையும் மேல வந்து சேரும்போது ஒரே தாளத்துல நிக்குது. முன்னாடி போற பக்கம் நேர்மாறு, அங்க ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்குது. தடுக்கிறது யாருன்னு கேட்டீங்கல்ல, தனியா யாரும் தடுக்கல, அலைங்களே பேசி வெச்சு திரும்பி வந்துடுதுங்க.

நம்பலன்னா ஒண்ணு செய்ங்க. ஃபேஸ (அலையோட தாளத்த) எல்லாம் தூக்கிப் போட்டுட்டு வெறும் பவர மட்டும் கூட்டி 10 எல்லைக்கு கணக்கு போடுங்க, ரெஃப்ளெக்ஷன் 40% பக்கத்துல வந்து நின்னுடும். அதே 10 எல்லை ஃபேஸோட 98%. வித்தியாசம் மொத்தமும் அந்த தாளம் தான்.

அந்த 2% விஷயத்துல ரெண்டுமே சரி. பேண்ட் டயகிராம் முடிவே இல்லாத லேயருக்கு போட்டது, உங்க கிட்ட இருக்கிறது 5 ஜோடி. கேப்புக்கு நடுவுல அலை சட்டுனு நிக்கறதில்ல, ஒவ்வொரு ஜோடி தாண்டும்போதும் ஆம்ப்ளிட்யூட் 1.46/2.4, அதாவது 0.61 மடங்கா தேஞ்சுக்கிட்டே போகும், பவர்ல 0.37 மடங்கு. அஞ்சு தடவை தேஞ்ச பிறகும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது தான் வெளிய வருது. 10 ஜோடி போட்டுப் பாருங்க, ரெஃப்ளெக்ஷன் 99.98%ஐயும் தாண்டிடும்.

---

நிக்கும்அலை:

அண்ணன் சொன்னது கண்ணாடி பாஷை, அதையே பேண்ட் பாஷைல சொன்னா தான் 2டிக்கு போக முடியும், அதனால நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கேப் ஓரத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. அலையோட நீளம் சரியா ரெண்டு பீரியடுக்கு சமமாகுது, போற அலையும் திரும்புற அலையும் சேர்ந்து ஸ்டாண்டிங் வேவ் ஆகி அங்கயே நிக்குது. நிக்கிற அலை கண்ட இடத்துல நிக்க முடியாது, ஸ்ட்ரக்சரோட சமச்சீர் விடாது. ரெண்டே ரெண்டு வழி தான். எலக்ட்ரிக் ஃபீல்டோட முகடு டைட்டானியா நடுவுல உக்காரணும், இல்லாட்டி சிலிக்கா நடுவுல உக்காரணும். நீளம் ரெண்டுக்கும் ஒண்ணு தான், ஆனா அதிக இண்டெக்ஸ்ல எனர்ஜி குமிஞ்சிருக்கிற அலைக்கு ஃப்ரீக்வென்சி கம்மி, கம்மி இண்டெக்ஸ்ல குமிஞ்சிருக்கிறதுக்கு ஃப்ரீக்வென்சி அதிகம். அந்த ரெண்டு ஃப்ரீக்வென்சிக்கும் இடைப்பட்டது எல்லாம் உக்கார இடமே இல்லாத அலைங்க. அது தான் கேப், வேற ஒரு மாயமும் இல்ல.

உங்க நம்பர்லயே போட்டா கேப் அகலம் நடு ஃப்ரீக்வென்சில 31% வரும், வேவ்லெங்க்த்ல சுமாரா 475ல இருந்து 652 நானோமீட்டர். உங்க ப்ளாட்ல மேல தட்டையா இருக்கிற பகுதி அந்த எல்லைக்கு பக்கத்துல தான் விழணும், செக் பண்ணுங்க. பக்கவாட்டுல சின்னச் சின்ன மேடு பள்ளம் இருக்கும், அது 5 ஜோடிங்கறதால வர்றது, பயப்படாதீங்க.

1டில ஒரு சௌகரியம், நேரா விழுற வெளிச்சத்துக்கு ரெண்டு இண்டெக்ஸுக்கும் துளி வித்தியாசம் இருந்தாலே கேப் வந்துடும், குறுகலா வரும் அவ்வளவு தான். இத லார்டு ரேலே 1887லயே பார்த்துட்டாரு. சரியா நூறு வருஷம் கழிச்சு 1987ல தான் எலி யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் தனித்தனியா, இத 3டில எல்லா திசைக்கும் பண்ணா என்ன ஆகும்னு கேட்டாங்க. யாப்லோனோவிச்சுக்கு அணு தானா வெளிச்சம் விடுறத அடக்கணும், சஜீவ் ஜானுக்கு வெளிச்சத்த ஒரு இடத்துல கட்டிப் போடணும், ரெண்டு பேரும் வேற வேற வாசல் வழியா வந்து ஒரே ரூம்ல நின்னாங்க. 3டில ஒவ்வொரு திசைக்கும் கேப் வேற வேற ஃப்ரீக்வென்சில விழும், அது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படியணும்னா ஒவ்வொண்ணும் நல்லா அகலமா இருக்கணும், அதுக்கு இண்டெக்ஸ் வித்தியாசம் பெருசா வேணும். துளி வித்தியாசம் கதை அங்க செல்லாது.

---

மூணாவது_பேண்ட்:

2டி கேள்விக்கு வர்றேன். உங்க கோடுல தப்பு இல்ல. அலுமினா கம்பி, 0.2, ஸ்கொயர், இது எல்லாரும் முதல்ல போடுற கணக்கு, டிஎம்க்கு கேப் வரும் டிஇக்கு வராது, ரெசல்யூஷன ஆயிரம் ஆக்கினாலும் வராது, மூணு நாள் போச்சேன்னு வருத்தப்படாதீங்க நான் ரெண்டு வாரம் போக்கினேன்.

ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, டிஇ டிஎம் பேரு புக்குக்கு புக்கு தலைகீழா மாறும். எம்பிபில டிஎம்னா எலக்ட்ரிக் ஃபீல்டு கம்பியோட நீளவாக்குல, டிஇன்னா மேக்னெடிக் ஃபீல்டு நீளவாக்குல. வேற ஒரு பேப்பரோட ஒப்பிட்டுப் பார்க்கும்போது முதல்ல அவங்க எத எப்படி கூப்பிடுறாங்கன்னு பாருங்க, பாதி பேரு இங்க தான் வழுக்கி விழுறாங்க.

இப்ப காரணம். நிக்கும்அலை சொன்ன மாதிரி, கீழ் பேண்ட் எனர்ஜிய அதிக எப்சிலான்ல குமிக்கப் பார்க்கும், மேல் பேண்ட் அதுல இருந்து விலகி நிக்கணும், ரெண்டுக்கும் அந்த பாகுபாடு எவ்வளவு பெருசோ கேப் அவ்வளவு பெருசு. டிஎம்ல எலக்ட்ரிக் ஃபீல்டு கம்பிக்கு இணையா ஓடுது, தனித்தனி கம்பிக்குள்ள முகடு சுகமா உக்காந்துக்கும், மேல் பேண்டுக்கு கம்பிக்குள்ள நோடு (ஃபீல்டு ஜீரோ ஆகுற இடம்) விழுந்துடும். பாகுபாடு பிரமாதம். டிஇல ஃபீல்டு கோடுங்க தளத்துக்குள்ளயே கிடக்கு, அதுக்கு ஒரு கம்பில இருந்து அடுத்த கம்பிக்கு போக வழி வேணும், உங்க கம்பிங்க தனித்தனி தீவு, நடுவுல காத்து. கோடு காத்த தாண்டித் தான் ஆகணும், அதனால கீழ் பேண்டாலயும் எனர்ஜிய முழுசா உள்ள வெச்சுக்க முடியல. ரெண்டு பேண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆகி கேப் காணாம போகுது.

இதயே திருப்பிப் போடுங்க, மெட்டீரியல்ல ஓட்டை போட்டு மெட்டீரியல் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு ஓடுற மாதிரி வெச்சா டிஇக்கு கேப் வரும். கம்பி டிஎம்முக்கு, வலை டிஇக்கு. ரெண்டுக்கும் சேர்த்து வேணும்னா முக்கோண லேட்டிஸ்ல பெரிய பெரிய ஓட்டை, எப்சிலான் 13, ஆரம் 0.48 மடங்கு போட்டுப் பாருங்க, வரும். ஓட்டைங்க நெருங்கி நடுவுல சுவர் மெலிஞ்சு வலை ஆகிடும், மூணு ஓட்டை சந்திக்கிற இடத்துல மட்டும் கொஞ்சம் சதை மிஞ்சும், அது கம்பி மாதிரி வேலை செய்யும்.

போலரைசேஷன அலட்சியம் பண்ணா என்ன ஆகும்னு இந்த துறைக்கே ஒரு சூடு பட்ட கதை இருக்கு. 1989ல எஃப்சிசி (கனசதுரத்தோட மூலைலயும் முகத்து நடுவுலயும் புள்ளி இருக்கிற) அமைப்புல உருண்டை உருண்டையா குழி வெச்சு மைக்ரோவேவ்ல அளந்து முழு கேப் கிடைச்சிடுச்சுன்னு யாப்லோனோவிச் குழு சொன்னாங்க. வெளிச்சத்த ஸ்கேலார் அலையா எடுத்து போட்ட கணக்குலயும் கேப் வந்துச்சு. ஃபீல்டுக்கு திசை இருக்குன்னு முழு வெக்டார் கணக்கு போட்டப்ப தான் அது உண்மையான கேப் இல்ல, ரெண்டு பேண்ட் ஒரு புள்ளில ஒட்டிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சது. 1990ல ஹோ, சான், சௌகுலிஸ் மூணு பேரும் டைமண்ட் அமைப்புக்கு மாத்தினா முழு கேப் வரும்னு கணக்குலயே காட்டினாங்க. 1991ல யாப்லோனோவிச் குழு இண்டெக்ஸ் 3.6 இருக்கிற ஒரு கட்டில, செங்குத்துல இருந்து 35 டிகிரி சாய்ச்சு ஒவ்வொரு புள்ளிலயும் மூணு திசைல ட்ரில் போட்டாங்க, கட்டில 78% துளையாவே போச்சு, அப்புறம் தான் நிஜமான முழு கேப் கிடைச்சது, 15 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல.

---

ஓட்டைக்காரன்:

0.48ன்னு சர்வசாதாரணமா சொல்லிட்டீங்க மூணாவது_பேண்ட், அத யாரு செய்யுறது? 😂 விட்டம் 0.96, அப்ப சுவர் 0.04. 1550 நானோமீட்டருக்கு கொண்டு வந்தா லேட்டிஸ் 700 நானோமீட்டர் பக்கம், சுவர் 30 நானோமீட்டர் கூட இல்ல. எச்சிங்ல கொஞ்சம் கை நடுங்கினா மொத்தமும் வலை பிஞ்ச மாதிரி உக்காந்துடும். அதனால தான் சிப்புல வேலை பாக்குறவங்க டிஎம்ம கைகழுவிட்டு டிஇக்கு மட்டும் கேப் போதும்னு 0.3 மடங்கு ஓட்டையோட நிறுத்திக்கிறாங்க. சிலிக்கான் மெல்லிசு தகடு, லேட்டிஸ் 420 நானோமீட்டர், தகடு இருநூத்தி சொச்சம் நானோமீட்டர், இது தான் அன்றாட சாப்பாடு.

தங்கச்சி/தம்பி, நீங்க சிமுலேஷனோட நிக்கப் போறீங்களா இல்ல செய்யப் போறீங்களா? செய்யுறதா இருந்தா என் கதைய கேளுங்க. மூணு ஓட்டைய வரிசையா அடைச்சு ஒரு கேவிட்டி (வெளிச்சத்த பிடிச்சு வெக்கிற இடம்) டிசைன் பண்ணேன், ரெசனன்ஸ் 1540ல. அடைச்ச இடத்துக்கு ரெண்டு முனைலயும் இருக்கிற ஓட்டைய லேசா வெளிய தள்ளினா க்யூ (வெளிச்சத்த எவ்வளவு நேரம் கசிய விடாம வெக்குதுங்கற அளவு) எகிறும்னு கியோட்டோல நோடா குழு 2003லயே காட்டிட்டாங்க, லேட்டிஸ் இடைவெளில 0.15 மடங்கு தள்ளினதுக்கே க்யூ 45,000. அதே மாதிரி நானும் தள்ளி வெச்சேன். சாம்பிள் வந்துச்சு, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பாக்க கண்ணுல ஒத்திக்கலாம், அவ்வளவு அழகு. டேபிள்ல வெச்சு லேசர ட்யூன் பண்றேன் பண்றேன், பீக்கே காணோம். ரெண்டு வாரம். ஃபைபர் அலைன்மெண்ட் தப்போன்னு மொத்த செட்டப்பையும் பிரிச்சு கட்டினேன். கடைசில மைக்ரோஸ்கோப் படத்த பிக்சல் பிக்சலா அளந்தா ஒவ்வொரு ஓட்டையும் ஆரத்துல 6 நானோமீட்டர் பெருசு! ஓட்டை பெருசானா சிலிக்கான் கம்மி, சிலிக்கான் கம்மியானா ஃப்ரீக்வென்சி ஏறும், பீக்கோட வேவ்லெங்க்த் பத்து நானோமீட்டருக்கு மேல கொறைஞ்சு 1530க்கும் கீழ ஓடிப் போயிருக்கு. என் லேசர் 1530ல தான் ஆரம்பிக்கும். பீக் பாவம் அது பாட்டுக்கு அங்க உக்காந்திருக்கு, நான் தான் வேற தெருவுல கதவ தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இப்பல்லாம் ஒரே சிப்புல ஆரத்த 2 நானோமீட்டர் 2 நானோமீட்டரா மாத்தி ஒரு வரிசையே எழுதிடுறேன், எதாவது ஒண்ணு மாட்டும்.

---

சும்மா_பாக்கவந்தேன்:

ஒரு சின்ன ஆட்சேபணை. லேயர் லேயரா அடுக்குறத எல்லாம் போட்டானிக் கிரிஸ்டல்னு சொல்றது எனக்கு ஒப்பல. லேசர் கண்ணாடில எத்தனையோ காலமா இருக்கிற சமாச்சாரம், புதுப் பேரு வெச்சா புது ஃபீல்டு ஆகிடுமா?

---

நிக்கும்அலை:

பேருக்கு சண்டை போட எனக்கும் நேரமில்ல, ஆனா உங்க பக்கமும் நியாயம் இருக்கு. கால் அலை கண்ணாடிய மட்டும் வெச்சு போட்டானிக் கிரிஸ்டல்னு தீசிஸ் எழுதினா வைவாவுல உங்கள மாதிரி ஒருத்தர் மாட்டுவாரு. மயில் இறகுல மெலனின் குச்சிங்க வரிசையா அடுக்கி இருக்கு, அந்த இடைவெளிய கொஞ்சம் கொஞ்சம் மாத்தித் தான் நீலமும் பச்சையும் வருது, ஓப்பல் கல்லுல சிலிக்கா உருண்டைங்க. அங்க எல்லாம் முழு கேப் கிடையாது, அதுக்கு இண்டெக்ஸ் பத்தாது, ஆனா போட்டானிக் கிரிஸ்டல்னு தான் எல்லாரும் எழுதுறாங்க. நான் அந்த பேர் சண்டைய விட்டுட்டேன்.

---

கால்அலை:

தங்கச்சி தான் அண்ணா எல்லாருக்கும் 🙂 ரொம்ப நன்றி. 10 ஜோடி போட்டேன், 99.987 வந்துச்சு. தட்டை பகுதியும் நீங்க சொன்ன எடத்துலயே விழுது. ஃபேஸ தூக்கிட்டு கூட்டினதுல 39 வந்துச்சு, அத பார்த்ததும் தான் உறைச்சது, இவ்வளவு நாள் நான் பவரையே மனசுல கூட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆர்வக்கோளாறுல ரெண்டு வேலை பண்ணேன். ஒண்ணு, வெளிச்சத்த 45 டிகிரி சாய்ச்சேன், கேப்போட நடு 550ல இருந்து 500 பக்கம் நகர்ந்துடுச்சு. சாய்ச்சா உள்ள பாதை நீளமாகும்ல, அப்ப வேவ்லெங்க்த் கூடத்தானே செய்யணும், கொறையுதே? ரெண்டாவது, ரெண்டு அடுக்க முகத்துக்கு முகம் வெச்சு நடுவுல டைட்டானியாவ மட்டும் ரெண்டு மடங்கு தடிமனா போட்டேன், கேப்புக்கு சரியா நடுவுல 550ல ஊசி மாதிரி ஒரு கோடு, அந்த இடத்துல மட்டும் வெளிச்சம் அப்படியே முழுசா உள்ள போகுது. இது எதுக்கு வருது? ரெண்டு பக்கமும் 98% கண்ணாடி நிக்குதே!

---

பழைய_ஸ்பெக்ட்ரோமீட்டர்:

சாய்வுல எல்லாரும் விழுற குழி இது, நானும் விழுந்திருக்கேன். பாதை நீளமாகுது சரி, ஆனா அலை பக்கவாட்டுலயும் நகருதுல்ல. முதல் எல்லைல திரும்பின அலைக்கும் ரெண்டாவதுல திரும்பினதுக்கும் வித்தியாசம் பார்க்கணும்னா ரெண்டையும் ஒரே முகப்புல நிறுத்தி அளக்கணும், அப்படி அளந்தா மிஞ்சுறது தடிமன் × இண்டெக்ஸ் × உள்சாய்வோட கொசைன். கொசைன் ஒண்ணுக்கு கீழ, அதனால வேவ்லெங்க்த் கொறையுது. உங்க லேயருக்கு போட்டா 503 வரும், ஒத்துப் போகுதா பாருங்க. அப்புறம் எஸ், பி ரெண்டு போலரைசேஷனையும் (எலக்ட்ரிக் ஃபீல்டு விழு தளத்துக்கு செங்குத்தா இருந்தா எஸ், தளத்துக்குள்ள இருந்தா பி) தனித்தனியா ப்ளாட் பண்ணுங்க, பி பக்கம் கேப் சுருங்கும், ப்ரூஸ்டர் கோணத்தோட (பி வெளிச்சம் எல்லைல திரும்பாத கோணம்) வேலை அது.

ஊசிக் கோடு பத்தி மூணாவது_பேண்ட் சொல்லட்டும், அவர் ஏரியா.

---

மூணாவது_பேண்ட்:

தாளத்த நீங்களே ஒரு இடத்துல கெடுத்துட்டீங்க, கிரிஸ்டல்ல டிஃபெக்ட்டுன்னு சொல்றது அதத் தான். உக்கார இடமில்லாத ஃப்ரீக்வென்சிக்கு நடுவுல ஒரே ஒரு நாற்காலி போட்டுட்டீங்க. 550ல வெளிச்சம் முதல் கண்ணாடி வழியா துளித்துளியா உள்ள கசிஞ்சு அந்த நடு லேயர்ல சேர்ந்துக்கிட்டே போகும், ஃபீல்டு உள்ள பெருசாகும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கண்ணாடிங்கறதால உள்ள கசியுற அளவும் அந்தப் பக்கம் வெளிய கசியுற அளவும் சமமாகி, திரும்பி வர வேண்டியது சுத்தமா ரத்தாகிடும். ஃபீல்டு எங்க எவ்வளவு இருக்குன்னு தடிமன் வாரியா ஒரு ப்ளாட் போட்டுப் பாருங்க, நடுவுல மலை மாதிரி நிக்கும், ரெண்டு பக்கமும் அந்த 0.61 கணக்குல இறங்கும். ஜோடி எண்ணிக்கைய கூட்டக் கூட்ட ஊசி மெலிஞ்சுக்கிட்டே போகும், அப்ப ஃப்ரீக்வென்சி ஸ்டெப்ப நுணுக்கமா வைங்க, இல்லாட்டி ரெண்டு புள்ளிக்கு நடுவுல பீக் விழுந்து ப்ளாட்ல தெரியாமயே போயிடும்.

---

ஓட்டைக்காரன்:

ஆமாமா, பீக் தெரியலன்னு செட்டப்ப பிரிச்சுடாதீங்க.